மேற்குப் பக்கம் சன்னல் இல்லை

பீடோரில் பிற்பகல் வெயில்
செம்பனை ஆலையின் புகைபோக்கியைத் தாண்டி
நேரே மேற்குச் சுவரில் வந்து சாயும்.
அங்கே சன்னலே வேண்டாம் என்றாள்
வரைபடம் போட்ட சோங் மெய் லின்.
மூன்று நாள் பேசவில்லை புவனேந்திரன்.
பிறகு கேட்டார்:
சாயங்காலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு
மனுஷன் சுவரையா பார்ப்பான்?

ஆலையின் எடைமேடையில்
லோரி லோரியாய்ப் பழக்குலை நிறுத்துப்
பதினோரு வருடம் சேர்த்த காசு என்னுடையது.
ஏறிய எடையில் வெற்று எடையைக் கழிப்பேன்.
மிச்சம்தான் கணக்கு.
வெயிலுக்கும் எடை உண்டு;
பழைய வீட்டின் தகரத்தடியில்
இரவு பதினொன்றுக்கும் இறங்காமல்
நெஞ்சின் மேல் நின்ற லோரி அது.

ஆகவே கட்டினோம்.
வெள்ளைக் கூரை, அதன் அடியில் பஞ்சு மெத்தை,
உச்சியில் சூடு வெளியேற ஒரு பிளவு,
தெற்கிலும் வடக்கிலும் துளைக்கற்கள்,
மேலே பன்னிரண்டு சூரியத் தகடுகள்.
இந்தப் பணத்துக்கு ஒரு மைவி வாங்கியிருக்கலாம்
என்றது தாமானில் பாதி.
சந்துக்கு அப்பால் காக் ரொஸ்னா மட்டும்
மலாயில் சிரித்தபடி கேட்டார்:
"என் மேல் ஏதும் கோபமா?
முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறதே உன் வீடு."

முதல் பில் பதினான்கு ரிங்கிட்.
வந்ததில் போனதைக் கழித்திருந்தார்கள்.
என் தொழில்தான்.
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்,
அவர் பார்க்கும் உயரத்தில்.

செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது.
எங்கோ எரிந்த காடு
எங்கள் துளைக்கற்கள் வழியே
கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தது.
காற்றுக்கென்றே கட்டிய வீட்டில்
காற்றே ஆகாத வாரம்.
ஐம்பத்திரண்டு கல், கல்லுக்கு ஒன்பது துளை:
நானூற்று அறுபத்தெட்டு என்றான் யுகேஷ்.
பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால்
கணக்குப் பாடம் அதுதான்.
பழைய பத்திரிகையைக் கிழித்துப் பசையிட்டு அடைத்தோம்.
மரண அறிவிப்புப் பக்கம் கூடத்தைப் பார்த்தபடி அமைந்துவிட்டது.
யாரோ ஒரு முன்னாள் கங்காணி
நாங்கள் சாப்பிடுவதை இரண்டு நாள் பார்த்திருந்தார்.

அடைத்த வீடு அடுப்பானது.
தர்வினிக்கு இளைப்பு.
அன்று மத்தியானம் காக் ரொஸ்னா கேட்டைத் தட்டினார்:
"என் அறையில் ஏர்கோன் ஓடுகிறது.
பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா.
கட்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

அவர் வீட்டுப் பாயில் நாலு பேரும் வரிசையாய்.
எனக்குத்தான் கூச்சம் அடங்கவில்லை.
யுகேஷ் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:
நம் தகட்டில் மிஞ்சுகிற மின்சாரம்
கம்பியேறி எங்கே போகும்?
பக்கத்தில் யார் இழுக்கிறார்களோ அங்கே என்றார் அப்பா.
சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது.
புகைக்குள் பாதி உயிரோடு கிடந்த தகடுகள்
சந்தைத் தாண்டி இங்கே வந்துகொண்டிருந்தன.
"நம் வீட்டு வெயிலில்தான்
குளிர்காய்கிறோம்," என்றார்.
அதை மலாயில் சொல்ல முயன்று
மூன்று முறை தோற்றார்.
காக் ரொஸ்னா புரியாமலே சிரித்துவிட்டுப்
பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

மழை வந்து எல்லாவற்றையும் கழுவியது,
பசையைத் தவிர.
ஞாயிறுதோறும் புவனேந்திரன் ஏணியில் ஏறி
நாலைந்து துளையைச் சுரண்டுகிறார்.
கங்காணியின் ஒரு காது இன்னும் ஒட்டியிருக்கிறது.
இறங்கியதும் மேற்குச் சுவருக்குப் போய்
சன்னலை இங்கே வைத்திருக்கலாம் என்று
விரலால் சதுரம் போட்டுக் காட்டுகிறார்.

அந்தச் சதுரத்தில் நேற்று கை வைத்தேன்,
மணி ஐந்து.
சுவருக்கு அந்தப் பக்கம் கொதிக்கும் பானை.
இந்தப் பக்கம்
தவளையின் வயிறு.